நீர்க்கடுப்பும் ஒரு குழாயின் கதையும்

எழுபதைத் தாண்டிய நாலு பேர் மாலை நடைக்கு வந்து கடற்கரைச் சாலையில் உட்கார்ந்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் இரண்டு இடங்களைத் தொடாமல் முடியாது. ஒன்று பஞ்சப்படி. மற்றது சிறுநீர். "ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்?" என்பதுதான் எங்கள் வயதில் நலம் விசாரிக்கும் முறை. அதில் யாராவது ஒருவர் "யூரின் இன்ஃபெக்‌ஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டார்" என்று ஆரம்பிப்பார். உடனே ஆளுக்கொரு வைத்தியம் வரும். பார்லி தண்ணீர், வெள்ளரி விதை, சிறுநெருஞ்சில் கஷாயம், போன தடவை மிச்சமான மாத்திரை.

நான் டாக்டர் இல்லை. அரசு அலுவலகத்தில் கோப்பு எழுதி ஓய்வு பெற்றவன். ஆனால் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால், இந்த நோயின் பழைய கோப்பைப் புரட்டிப் பார்க்கும் வசதி எனக்குக் கொஞ்சம் உண்டு. அந்தக் கோப்பின் பல முக்கியமான பக்கங்கள் பாரிஸில் எழுதப்பட்டவை. அதைப் படித்தபோது எனக்குப் புரிந்த ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. சிறுநீர் தானாகக் கெடுவதில்லை. கிருமி ஒரு வழியாக உள்ளே வருகிறது. பல சமயம் அந்த வழியைத் திறந்து விட்டதே மருத்துவம்தான்.

குழாயின் மேல் ஒரு பிரெஞ்சுக்காரர்

ஆஸ்பத்திரியில் சிறுநீர் போகாதவர்களுக்குப் போடும் கதீட்டர் குழாயை அநேகமாக எல்லோரும் பார்த்திருப்போம். அதன் மேல் 14, 16, 18 என்று ஓர் எண் இருக்கும். நர்ஸ் "பதினாறு ஃபிரெஞ்ச் எடு" என்பார். அது என்ன ஃபிரெஞ்ச்?

19ஆம் நூற்றாண்டில் பாரிஸில் ஷாரியேர் என்று ஒரு மருத்துவக் கருவித் தயாரிப்பாளர் இருந்தார். சுவிட்சர்லாந்தில் பிறந்து, சிறுவயதில் பாரிஸ் வந்து, கத்தி செய்யும் தொழில் பழகி முன்னேறியவர். அவருக்கு முன்பு ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டப்படி குழாய்க்கு அளவு வைத்தது. இவர் ஓர் ஒழுங்கு கொண்டுவந்தார். ஒரு ஃபிரெஞ்ச் என்றால் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. 18 ஃபிரெஞ்ச் குழாயின் குறுக்களவு 6 மில்லிமீட்டர். பிரான்ஸில் இன்றும் அந்த அளவை ஷாரியேர் என்று அவர் பெயராலேயே சொல்கிறார்கள். நம் நாட்டில் மனிதரின் பெயர் மறைந்து நாட்டின் பெயர் தங்கிவிட்டது.

அளவுக்கு ஒழுங்கு வந்ததே தவிர, சுத்தத்துக்கு வரவில்லை. அன்றைய குழாய்கள் வெள்ளியாலோ, கோந்து பூசிய துணியாலோ ஆனவை. ஒரே குழாயைத் துடைத்துத் துடைத்துப் பலருக்கும் போடுவார்கள். சிறுநீர் அடைப்பு உள்ள பெரிய மனிதர்கள் சிலர் தொப்பிக்குள்ளேயே தங்கள் குழாயை வைத்துக்கொண்டு திரிந்தார்கள். அடைப்பு உடனே தீரும். இரண்டொரு நாளில் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வரும். சிலர் பிழைப்பார்கள், சிலர் போய்ச் சேருவார்கள். பிரெஞ்சு டாக்டர்கள் இதற்குச் 'சிறுநீர்க் காய்ச்சல்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். பெயர் இருந்தது, காரணம் தெரியவில்லை. சிறுநீரே விஷமாகி இரத்தத்தில் கலக்கிறது என்று நினைத்தார்கள்.

ஒரு சக்கரவர்த்தியின் வலி

நம் பாரதி பூங்காவின் நடுவில் நிற்கும் ஆயி மண்டபத்தைப் புதுச்சேரிக்காரர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. முத்திரையர்பாளையத்து நல்ல தண்ணீர் நகருக்கு வந்ததன் நினைவாக மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுந்தது அது. நமக்குத் தண்ணீர் வந்த அந்தக் காலத்துச் சக்கரவர்த்திக்குச் சொந்த உடம்பில் நீர் இறங்குவதே பெரும்பாடாக இருந்தது.

அவருக்கு மூத்திரப்பையில் கல். கூடவே சீழும் தொற்றும். 1870 ஜூலை தொடக்கத்தில் டாக்டர்கள் கூடி ஆலோசித்தார்கள். ழெர்மேன் சே என்ற மருத்துவர் கல்லையும் தொற்றையும் சரியாகவே ஊகித்து, கருவி விட்டுச் சோதிக்க வேண்டும் என்று அறிக்கை எழுதினார். அறிக்கையில் அவர் கையெழுத்து மட்டும்தான் விழுந்தது. சோதனை நடக்கவில்லை. டாக்டர்களின் தயக்கத்துக்குக் காரணம் இருந்தது. முந்தின ஆண்டுதான் போர் அமைச்சர் மார்ஷல் நியேல் இதே கல் வியாதியில், அறுவை சிகிச்சையை ஒட்டி இறந்திருந்தார். கருவியை உள்ளே விட்டால் என்ன நடக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாத காலம் அது.

அதே மாதம் 19ஆம் தேதி பிரஷ்யா மீது போர் அறிவிக்கப்பட்டது. வலியோடு குதிரை மேல் ஏறிப் போனார் சக்கரவர்த்தி. செப்டம்பர் தொடக்கத்தில் செதானில் சரணடைந்தார். பிறகு இங்கிலாந்தில் அகதியாக வாழ்ந்தார். 1873 ஜனவரியில் ஹென்றி தாம்சன் என்ற பெயர்பெற்ற ஆங்கிலேய சர்ஜன், 2ஆம் தேதியும் 6ஆம் தேதியும் இரண்டு முறை மயக்கம் கொடுத்துக் கல்லை உள்ளேயே நொறுக்கினார். மூன்றாவது முறைக்கு நாள் குறித்திருந்த 9ஆம் தேதி காலையில் அவர் உயிர் பிரிந்தது. பிரேதப் பரிசோதனையில் சிறுநீரகங்கள் நீண்ட நாளாகவே பழுதாகியிருந்தது தெரிந்தது.

தோல்விக்கு மூத்திரப்பையைக் காரணம் சொல்வது சரித்திரம் ஆகாது. ஆனால் ஒரு நாட்டின் தலைவருக்கே இந்த நோயில் டாக்டர்களால் செய்ய முடிந்தது இவ்வளவுதான் என்பதை நினைத்துக்கொண்டால், அடுத்து வருவதன் அருமை புரியும்.

பஸ்தேரின் குடுவையில் இருந்தது

பள்ளியில் லூயி பஸ்தேரின் அன்னக் கழுத்துக் குடுவைப் பாடத்தைப் பலரும் படித்திருப்போம் (தமிழ்ப் பாடப்புத்தகத்தில் லூயி பாஸ்டர்). வளைந்த கழுத்துள்ள குடுவையில் திரவத்தைக் கொதிக்க வைத்து ஆறவிட்டால், காற்று உள்ளே போய் வந்தாலும் திரவம் கெடாது. தூசியோடு வரும் கிருமி வளைவிலேயே தங்கிவிடும். கழுத்தை உடைத்தால் சில நாளில் கெட்டுவிடும். பாடப்புத்தகம் அந்தத் திரவத்தைக் குழம்பு, சாறு என்று சொல்லிக் கடந்துவிடும். பஸ்தேர் பயன்படுத்திய திரவங்களில் சிறுநீரும் ஒன்று என்பதைப் பாடத்தில் போடக் கூச்சப்பட்டார்கள் போலும்.

அதோடு அவர் நிற்கவில்லை. 1863இல், கொதிக்க வைக்காத புதுச் சிறுநீரையே வெளிக் காற்றின் அழுக்குப் படாமல் குடுவையில் பிடித்து வைத்தால் அது அழுகாமல் இருக்கும் என்று காட்டினார். நம் உடம்பிலிருந்து வருவது தானாக அழுகும் பொருள் அன்று. அதை அழுகவைப்பது வெளியிலிருந்து வரும் ஓர் உயிர்.

இதை எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. 1876இல் பாஸ்டியன் என்ற ஆங்கிலேய டாக்டர், கொதிக்க வைத்த சிறுநீரில் பொட்டாஷ் கரைசலைச் சேர்த்து இளஞ்சூட்டில் வைத்தால் அதில் உயிர்கள் தாமாகவே தோன்றுகின்றன என்று வாதாடினார். பஸ்தேர் பதிலுக்கு, உங்கள் பொட்டாஷையும் கண்ணாடியையும் இன்னும் அதிகமாகச் சூடாக்கிவிட்டுச் செய்து பாருங்கள் என்றார். இந்தச் சண்டையில்தான் ஒரு விஷயம் தெளிவானது. வெறும் கொதிநிலைச் சூட்டுக்குச் சாகாத கிருமி வித்துகள் உண்டு. அழுத்தத்தில் 115, 120 டிகிரி நீராவி வேண்டும். பஸ்தேரின் உதவியாளர் ஷாம்பர்லான் அதற்கான ஆட்டோகிளேவ் பாத்திரத்தை ஓரிரு ஆண்டுகளில் உருவாக்கினார். இன்று எந்த ஆஸ்பத்திரியிலும் கருவிகளை வேகவைக்கும் அந்தப் பாத்திரத்தின் பிறப்பில் ஒரு குடுவைச் சிறுநீருக்கும் பங்கு உண்டு.

1878 ஏப்ரலில் மருத்துவ அகாதெமியில் பேசியபோது பஸ்தேர், தான் சர்ஜனாக இருந்தால் முழுச் சுத்தமான கருவிகளையே பயன்படுத்துவேன், கையை நன்றாகக் கழுவித் தீயில் காட்டிய பிறகே வேலை தொடங்குவேன் என்ற பொருளில் சொன்னார். அவர் டாக்டர் பட்டம் பெற்றவர் அல்லர், வேதியியல்காரர். ஒரு வேதியியல்காரர் நமக்குக் கைகழுவச் சொல்லித் தருவதா என்று முகம் சுளித்த பெரியவர்கள் அந்த அவையில் இருந்தார்கள். அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இருக்காது.

நெக்கேர் ஆஸ்பத்திரி

கேட்டவர்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் பாரிஸ் நெக்கேர் ஆஸ்பத்திரியின் ஃபெலிக்ஸ் கியோன். அவர் பிறந்தது ரீயூனியன் தீவில். நம் புதுச்சேரி, காரைக்காலிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிப் போனார்களே, அதே தீவு. கியோன் தன் வார்டில் கருவிகளைச் சுத்திகரித்தார். மூத்திரப்பையைப் போரிக் அமிலக் கரைசலால் கழுவும் முறையைக் கொண்டுவந்தார். 1890இல் சிறுநீர்ப் பாதை நோய்களுக்கென்றே பாரிஸில் பேராசிரியர் பதவி உருவானபோது அது அவருக்குக் கிடைத்தது.

அவருடைய சீடர் ஹோவாக்கின் அல்பர்ரான். கியூபாவில் பிறந்து பெற்றோரை இழந்து, படிக்க வந்த பாரிஸிலேயே தங்கிவிட்டவர். 1888இல் இவரும் அல்லே என்ற சக மருத்துவரும் தொற்றுள்ள சிறுநீரிலிருந்து சீழை உண்டாக்கும் ஒரு பாக்டீரியாவைப் பிரித்துக் காட்டினார்கள். மூன்று ஆண்டு முன்பே, 1885இல், ஜெர்மனியில் எஷெரிச் என்ற குழந்தை மருத்துவர் பச்சைக் குழந்தைகளின் மலத்தில் ஒரு பாக்டீரியாவைக் கண்டு விவரித்திருந்தார். இரண்டும் ஒன்றே என்பது சில ஆண்டுகளில் தெளிவானது. இன்று லேப் ரிப்போர்ட்டில் 'ஈ. கோலை' என்று வருகிறதே, அதில் உள்ள 'ஈ' எஷெரிச் பெயரின் முதல் எழுத்து.

நம் குடலில் சாதுவாக வாழும் கிருமிதான் அது. இடம் மாறினால் வில்லங்கம். சாதாரண நீர்க்கடுப்பில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் இதன் வேலைதான். பெண்களுக்கு இந்த நோய் அதிகம் வருவதற்கும் காரணம் இதிலேயே இருக்கிறது. ஆண்களுக்குச் சிறுநீர்த் தாரை ஏறக்குறைய 20 சென்டிமீட்டர், பெண்களுக்கு 4 சென்டிமீட்டர்தான். வாசலும் மலத் துவாரத்துக்கு அருகில். வழி குட்டை, அவ்வளவுதான். இதில் ஒழுக்கமும் இல்லை, சுத்தக் குறைவும் இல்லை. ஏறத்தாழ பாதிப் பெண்களுக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது இது வருகிறது.

பையை மூடியவர்கள்

கருவி சுத்தமானது. ஆனால் குழாயை உள்ளேயே நாள்கணக்கில் விட்டுவைக்கும் பழக்கம் வந்தது. 1930களில் அமெரிக்கரான ஃபோலி, நுனியில் சிறு பலூன் வைத்த ரப்பர் குழாயைச் செய்தார். உள்ளே போனதும் பலூனில் தண்ணீர் ஏற்றினால் குழாய் வெளியே நழுவாது. வசதி பெரிது. ஆனால் குழாயின் மறுமுனையைக் கட்டிலுக்கடியில் திறந்த பாட்டிலில் விட்டுவைத்தார்கள். அப்படி வைத்தால் நாலு நாளில் ஏறக்குறைய எல்லோர் சிறுநீரிலும் கிருமி ஏறிவிடும். 1960களில் குழாயையும் பையையும் ஒட்டி மூடிய அமைப்பு பரவலான பிறகுதான் நிலைமை மாறியது. பஸ்தேரின் குடுவைக்கு வளைந்த கழுத்து எப்படியோ, நோயாளிக்கு மூடிய பை அப்படி.

ஆனாலும் முழுப் பாதுகாப்பு இல்லை. மூடிய பையிலும் குழாய் இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் நூற்றுக்கு மூன்று முதல் ஏழு பேர் வரை புதிதாகக் கிருமி சேர்கிறது. ஒரு மாதம் இருந்தால் அநேகமாக எல்லோருக்கும். எனவே இன்றைய தொற்றுத் தடுப்பு நெறிகள் சொல்வது மிக எளிமையானது. தேவையில்லாமல் போடாதே, போட்டால் தேவை முடிந்த அன்றே எடு, பையை எப்போதும் மூத்திரப்பையின் மட்டத்துக்குக் கீழே வை, அடிக்கடி கழற்றி மாட்டாதே.

என் உறவினர் ஒருவர் இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டார். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். குழாய் போட்டது முதல் நாள். ஒன்பதாம் நாள் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார், பையையும் கையில் தூக்கிக்கொண்டு. அவருடைய மகள்தான் ரவுண்ட்ஸ் வந்த டாக்டரிடம், "சார், அப்பாவுக்கு இந்தக் குழாய் இன்னும் எதற்கு?" என்று கேட்டாள். டாக்டர் கேஸ் ஷீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எடுத்துவிடலாமே" என்றார். எடுக்கக்கூடாது என்று யாரும் முடிவு செய்யவில்லை. எடுக்கலாம் என்றும் யாரும் எழுதவில்லை. கோப்பு மேசைமேல் கிடப்பது போலக் கிடந்தது. அன்று மதியமே எடுத்தார்கள். உங்கள் வீட்டில் யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால், அந்தப் பெண் கேட்ட கேள்வியைத் தினமும் ஒரு தடவை மரியாதையாகக் கேளுங்கள். நீங்களாகப் பிடித்து இழுத்துவிடாதீர்கள். பலூன் உள்ளே இருக்கிறது.

ஒரு லட்சம் என்ற எண்

1956இல் பாஸ்டனில் எட்வர்ட் காஸ் என்ற டாக்டர், ஒரு மில்லி சிறுநீரில் ஒரு லட்சம் பாக்டீரியா இருந்தால் அது வழியில் ஒட்டியதல்ல, உள்ளேயே பெருகியது என்று கொள்ளலாம் என்று ஓர் எல்லை வகுத்தார். லேப் ரிப்போர்ட்டில் இன்றும் அந்த எண்ணைப் பார்க்கலாம். உபயோகமான எண்தான். ஆனால் எங்களைப் போன்ற கிழவர்களுக்கு அது ஒரு தொந்தரவும் கொண்டுவந்தது.

காரணம், வயதாக ஆக எந்த உபத்திரவமும் இல்லாமலே சிறுநீரில் கிருமி இருப்பது சகஜம். பராமரிப்பு இல்லங்களில் வாழும் மூதாட்டிகளில் நாலில் ஒருவர் முதல் பாதிப்பேர் வரை அப்படி இருக்கிறார்கள். எரிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை, ரிப்போர்ட்டில் மட்டும் கிருமி என்றால் அதற்கு ஆன்டிபயாடிக் வேண்டாம் என்பதே இன்றைய மருத்துவ நெறி. கர்ப்பிணிகளும், சிறுநீர்ப் பாதையில் சிகிச்சைக்குப் போகிறவர்களும் மட்டும் விலக்கு. காகிதத்தில் உள்ள கிருமிக்கு மாத்திரை விழுங்கினால், அந்தக் கிருமி மருந்துக்குப் பழகிக்கொள்ளும். பிறகு நிஜமாகவே நோய் வரும் நாளில் மருந்து வேலை செய்யாது. போன தடவை மிச்சமான மாத்திரையை நண்பருக்குக் கொடுக்கிற தர்மமும் இதே கணக்கில்தான் சேரும்.

அதற்காக நிஜமான நோயை அலட்சியப்படுத்தக் கூடாது. குளிரோடு காய்ச்சல், விலாப்புற முதுகுவலி, வாந்தி, சிறுநீரில் இரத்தம் இருந்தால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். சர்க்கரை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வெறும் எரிச்சலுக்கே போக வேண்டும். தொற்று சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டால் பார்லி தண்ணீர் காப்பாற்றாது.

தண்ணீரும் கதவும்

தண்ணீர் நிறையக் குடி என்று நம் பாட்டிமார் சொன்னதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்களா? பார்த்திருக்கிறார்கள். 2018இல் வெளியான ஓர் ஆய்வு. அடிக்கடி நீர்க்கடுப்பு வரும், தண்ணீர் குறைவாகக் குடிக்கும் 140 பெண்கள். பாதிப் பேர் வழக்கத்தைவிடத் தினம் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தார்கள். ஒரு வருடத்தில் அவர்களுக்குச் சராசரி 1.7 தடவை நோய் வந்தது. குடிக்காதவர்களுக்கு 3.2 தடவை. ஆய்வுக்குப் பணம் கொடுத்தது பாட்டில் தண்ணீரும் விற்கும் ஒரு பிரெஞ்சு நிறுவனம் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். இருந்தாலும் குழாய்த் தண்ணீருக்கும் அதே பலன்தான். ஓடுகிற நீரில் கிருமி தங்காது. (இருதயம், சிறுநீரகக் கோளாறுக்காகத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்கள் தங்கள் டாக்டரின் சொல்லையே கேட்க வேண்டும்.) மாதவிடாய் நின்ற பெண்களுக்கு டாக்டர் எழுதித் தரும் ஈஸ்ட்ரஜன் களிம்பும் திரும்பத் திரும்ப வருவதைக் குறைக்கிறது. இது 1993இலேயே தெரிந்த செய்தி. நம் வீடுகளில் இன்னும் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை.

ஆனால் தண்ணீர் குடித்தால் போக இடம் வேண்டும். நான் பணிபுரிந்த ஓர் அலுவலகத்தில் பெண் ஊழியர்கள் காலையில் வீட்டில் ஒரு வாய் காபியோடு கிளம்பி, மாலை வீடு திரும்பும்வரை தண்ணீரைத் தொடமாட்டார்கள். கழிப்பறை ஒன்று இருந்தது. தாழ்ப்பாள் இல்லை. தண்ணீரும் பாதி நாள் இல்லை. அவர்களில் பலரின் மருத்துவ விடுப்பு விண்ணப்பங்கள் என் மேசை வழியாகத்தான் போயின. காரணம் என்ற இடத்தில் 'காய்ச்சல்' என்று மட்டும் எழுதியிருப்பார்கள்.

பஸ்தேர் கிருமிக்கு வெளியே ஒரு வழி இருக்கிறது என்று காட்டினார். கியோனும் அல்பர்ரானும் அந்த வழியில் வருவது யார் என்று காட்டினார்கள். மூடிய பை அந்த வழியைக் குறுக்கியது. இதற்கெல்லாம் பெரிய படிப்பு வேண்டியிருந்தது. ஒரு கதவுக்குத் தாழ்ப்பாள் போட அது எதுவும் வேண்டாம். உங்கள் தெருப் பள்ளியின் பெற்றோர் கூட்டத்துக்கு இந்த மாதம் போகிறவர்கள், மதிப்பெண் பற்றிக் கேட்பதற்கு முன் பெண் பிள்ளைகளின் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் விழுகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள்.